எட்டாம் வகுப்புப் பிள்ளை பேச ஒரு விஞ்ஞானி வேண்டும், யாரைச் சொல்லலாம்?

தோவாளைப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு. அடுத்த வாரம் பள்ளியில் "புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவரும் அவருடைய மிக முக்கியமான பங்களிப்பும்" என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். கடையில் சார்ட் ஒன்று வாங்கி வந்தேன். இருபது பேர் படம், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரே ஒரு வரி. நியூட்டன் புவியீர்ப்பு, எடிசன் மின்விளக்கு, ஐன்ஸ்டீன் சார்பியல், கியூரி ரேடியம், ஃபிளெமிங் பென்சிலின், ராமன் ராமன் விளைவு. அதைப் பார்த்துவிட்டு, "ராமன் கண்டுபிடிச்சது ராமன் விளைவுன்னா அதை வச்சு நான் அஞ்சு நிமிஷம் என்னம்மா பேசுவேன்" என்று கேட்கிறாள். நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

யாராவது எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க அவளுக்கு இஷ்டமில்லை, எனக்கும் இஷ்டமில்லை. அந்த ஆள் என்ன செய்தார், அது ஏன் பெரிய விஷயம் என்று அவளுக்கே விளங்க வேண்டும். நம் ஊரில் கண்ணால் காட்டக்கூடிய ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காத்தாடிகள், அதாவது காற்றாலைகள், தெரியும், அவ்வளவுதான் எங்களிடம் இருக்கிற விஞ்ஞானம். வகுப்பில் பாதிப் பேர் அப்துல் கலாம், மீதிப் பேர் ஐன்ஸ்டீன் எடுத்துவிட்டார்களாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவாத்தியார்:

அம்மா, முதலில் அந்தச் சார்ட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். முப்பது வருடம் இயற்பியல் எடுத்தவன் சொல்கிறேன், அந்த ஒற்றை வரிகள்தான் பிள்ளைகளுக்கு அறிவியலே வெறுத்துப்போகக் காரணம். பல வரிகள் சரியும் இல்லை. ஐன்ஸ்டீனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது சார்பியலுக்கு அல்ல, ஒளி பட்டால் உலோகத்தில் இருந்து எலக்ட்ரான் வெளிவருகிற ஒளிமின் விளைவை விளக்கியதற்காகக் குறிப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எடிசனுக்கு முன்பே பல பேர் மின்விளக்கை எரியவிட்டிருக்கிறார்கள், இங்கிலாந்தில் ஸ்வான் அவருக்குச் சமமாகவே வந்துவிட்டார். எடிசன் செய்தது நெடுநேரம் எரியும் இழையைக் கண்டுபிடித்து, அதற்கு மின்சாரம் கொடுக்கிற மொத்த ஏற்பாட்டையும் கட்டியது. ஃபிளெமிங் 1928-இல் பூஞ்சையைப் பார்த்தார், சரி. ஆனால் அதை ஊசியில் ஏற்றக்கூடிய மருந்தாக்கியது ஃபுளோரியும் செயினும் அவர்களுடன் வேலை பார்த்தவர்களும். 1945-இல் நோபல் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

ராமனையே எடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். பிள்ளையை ஒரு நாள் சொத்தவிளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேளுங்கள். வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது என்பாள். ராலே என்ற பெரிய மேதையும் அப்படித்தான் சொல்லியிருந்தார். 1921-இல் ராமன் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலைப் பார்த்துவிட்டு, நிக்கோல் பட்டகம் என்று ஒரு சின்னப் படிகக் கருவியைக் கண்ணில் வைத்து, தண்ணீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். வானத்தின் சாயல்தான் காரணம் என்றால் நீலம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அந்தக் கேள்வியை விடாமல் ஏழு வருடம் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1928 பிப்ரவரி 28-இல், சிதறிய ஒளியில் துளி அளவு நிறம் மாறி வருவதைக் கண்டார்கள். கூடவே நின்று வேலை செய்தவர் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன், அவர் பெயரையும் பிள்ளை சொல்ல வேண்டும். அந்த நிற மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி, நம் கைரேகை மாதிரி. அதனால்தான் இன்றைக்கு மருந்தையும் ரத்தினக் கல்லையும் உடைக்காமல் உரசாமல் இன்னதென்று அடையாளம் காண முடிகிறது.

காத்தாடி_மேலே:

அக்கா, உங்கள் மாடியில் இருந்து தெரிகிற காத்தாடிகளில் பத்துப் பன்னிரண்டில் நான் ஏறியிருப்பேன், முப்பந்தல் பக்கம் பராமரிப்பு வேலை. வாத்தியார் ஐயா சொன்ன ராமன் பெரிய ஆள்தான். ஆனால் காத்தாடி தெரிகிற வீட்டுப் பிள்ளை ஃபாரடேயைத்தான் பேச வேண்டும்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு பெயருக்குத்தான். லண்டனில் புத்தகம் பைண்டு பண்ணுகிற கடையில் வேலைக்கு இருந்தவர், பைண்டுக்கு வந்த புத்தகங்களையே படித்துப் படித்து விஷயம் தெரிந்துகொண்டார். 1812-இல் டேவி என்ற விஞ்ஞானியின் பேச்சுகளைக் கேட்டு, எழுதி வைத்த குறிப்புகளைத் தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார், அடுத்த வருடம் அவரிடமே உதவியாளர் வேலை கிடைத்தது. மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கிறது என்று அதற்குப் பிறகு தெரியவந்தது. அப்படியானால் காந்தத்தில் இருந்து மின்சாரம் எடுக்க முடியாதா என்று இவர் வருடக்கணக்காக முட்டி மோதினார். கம்பிக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. 1831-இல்தான் பிடிபட்டது. காந்தம் சும்மா இருந்தால் ஒன்றும் வராது, அசைய வேண்டும். கம்பிச் சுருளுக்குள் காந்தம் போகும்போது, சுருளோடு இணைத்த மீட்டரின் ஊசி ஒரு பக்கம் துள்ளும், வெளியே எடுக்கும்போது மறுபக்கம் துள்ளும், உள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தால் ஊசி பூஜ்யத்தில் நிற்கும்.

இதைப் பள்ளி ஆய்வகத்தில் உள்ள கால்வனாமீட்டரை, அதாவது துளி மின்சாரம் வந்தாலும் ஊசி அசைத்துக் காட்டுகிற கருவியை வைத்து ஐந்து நிமிடத்துக்குள் செய்து காட்டலாம். பழைய மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டால் எனாமல் கம்பி கொடுப்பார்கள், முனையில் எனாமலை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு ஆட்டினாலும் ஊசி அசையாது, பிள்ளை பயந்துபோவாள். காத்தாடிக்குள்ளேயும் இதேதான் நடக்கிறது. இறக்கை மெதுவாகத்தான் சுற்றும், கியர்பாக்ஸ் அதை நிமிடத்துக்கு 1500 சுற்று வாக்கில் ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும், உள்ளே காந்தப்புலமும் சுருளும் ஒன்றையொன்று கடந்துகொண்டே இருக்கும். அணையில் வரும் கரண்டும் இதுதான், கூடங்குளத்தில் வரும் கரண்டும் இதுதான். எதை வைத்துச் சுற்றுகிறோம் என்பது மட்டும்தான் வேறு.

ரப்பர்ஷீட்_குலசேகரம்:

ஃபாரடே பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மலையோரத்தில் இப்போது எடுக்கிற மாதிரியான ரப்பரில் என்ன இருக்கிறது என்று 1826-இல் பிரித்துப் பார்த்து, ஐந்து பங்கு கார்பனுக்கு எட்டுப் பங்கு ஹைட்ரஜன் என்று கணக்குச் சொன்னதும் அதே ஃபாரடேதான். சிரட்டையில் பால் சொட்டுவதைத் தினமும் பார்க்கிற எனக்கே இது கொஞ்ச நாள் முன்னால்தான் தெரியும். அந்த ஐந்தும் எட்டும் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்திருக்கிறது, அதனால்தான் இழுபடுகிறது என்பதை நிலைநாட்ட ஸ்டாடிங்கர் என்பவர் 1920-இல் ஆரம்பித்துப் பல வருடம் மற்ற வேதியியலாளர்களோடு சண்டை போட வேண்டியிருந்தது. 1953-இல் அதற்கே நோபல் கொடுத்தார்கள்.

கருமணல்:

நான் மணவாளக்குறிச்சி. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு மேரி கியூரியைத் தவிர வேறு பெயர் வாயில் வராது. அது ரேடியத்துக்காக இல்லை.

எங்கள் கடற்கரை மணலைக் கையில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தால் கறுப்பு, சிவப்பு, நடுவே தேன் நிறத்தில் சில மணிகள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். தேன் நிறத்து மணிகள் மோனசைட், அதில்தான் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் இருக்கிறது. இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் தேடிக்கொண்டு வந்தது இதற்காகத்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் ஞாபகம் இருக்கிறதா, வெள்ளைத் துணி மாதிரி இருக்கும், ஒருமுறை எரிந்தபின் தொட்டால் பொடிந்துவிடும். அந்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் தோரியம் ஆக்சைடுதான். கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் இப்படிப்பட்ட மண்ணில் இருந்து வந்த பொருள்தான் வெளிச்சம் போட்டிருக்கிறது.

இப்போது கியூரி. யுரேனியத்தில் இருந்து ஏதோ கதிர் வருகிறது என்று பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஏற்கெனவே கண்டிருந்தார். மேரி என்ன செய்தார் என்றால், கையில் கிடைத்த கனிமம், உப்பு, உலோகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒரு கருவியில் வைத்து எவ்வளவு கதிர் வருகிறது என்று அளந்தார். தராசில் நிறுத்துக் கணக்கு எழுதுகிற மாதிரி பொறுமையான வேலை. 1898-இல் தோரியமும் கதிர் விடுகிறது என்று தெரிந்தது. ஷ்மிட் என்ற ஜெர்மன்காரரும் அதே சமயத்தில் தனியாகக் கண்டுபிடித்தார். ஆனால் மேரிதான் இன்னொன்றைக் கவனித்தார். யுரேனியம் தூளாக இருந்தாலும், கரைசலாக இருந்தாலும், வேறு எதோடு கூடிய உப்பாக இருந்தாலும், கதிர் யுரேனியத்தின் அளவுக்குத் தக்கபடிதான் வருகிறது. அப்படியென்றால் இது பொருள்கள் சேர்வதாலோ பிரிவதாலோ வருவது இல்லை, அணுவுக்குள்ளேயே இருந்து வருவது. அணு என்றால் உடைக்க முடியாத குண்டுமணி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. என்னைக் கேட்டால் அவருடைய மிக முக்கியமான பங்களிப்பு அந்த ஒரு எண்ணம்தான். பொலோனியமும் ரேடியமும் அதைப் பிடித்துக்கொண்டு போனதால் கிடைத்தவை. பிட்ச்பிளெண்ட் என்ற தாது, அதில் உள்ள யுரேனியத்தின் கணக்கைவிட அதிகமாகக் கதிர் விட்டது, கணக்கு உதைக்கிறதே, உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று தேடிப்போனார். டன் கணக்கில் அந்தத் தாதுவைக் காய்ச்சிக் கிளறி 1902-இல் கையில் வந்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு.

அப்புறம் ரூதர்ஃபோர்டு, சாடி என்ற இரண்டு விஞ்ஞானிகள் தோரியத்தை வைத்துத்தான், ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது என்று 1902-இல் காட்டினார்கள். இந்தியாவில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா போட்ட மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் கடைசிக் கட்டம் முழுக்க இந்தத் தோரியத்தை நம்பித்தான். ஆனால் ஒன்று, காட்டுவதற்காக இங்கிருந்து மணலை அள்ளிக் குப்பியில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். படம் போதும்.

வடசேரி_தம்பி:

இவ்வளவு பேர் எழுதியும் ஊர்க்காரரை விட்டுவிட்டீர்களே. இஸ்ரோ தலைவராக இருந்த மாதவன் நாயர் பிறந்தது குலசேகரத்தில். அதே பதவியில் இருந்த சிவனுக்கு ஊர் மேலசரக்கல்விளை, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், இங்கே நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற நாராயணனும் நம் மாவட்டம், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின்தான் அவர் துறை. சிவன் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ராக்கெட் மேலே போகும்போது உயரத்துக்கு உயரம் காற்று வேறு திசையில் வேறு வேகத்தில் அடிக்கும். ஏவுகிற அன்றைக்குக் காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து, அதற்குத் தக்கபடி பாதையைத் திருத்திக்கொள்கிற முறையை அவர் கொண்டுவந்தார். அதனால் காற்றுக்காக நாள் பார்த்துக் காத்திருப்பது குறைந்தது. காத்தாடி அண்ணனுக்குக் காற்று, ராக்கெட்டுக்கும் காற்று.

மார்த்தாண்டம்_மழைமானி:

அக்கா, தம்பி "அளந்து" என்று சொன்னானே, அதை அளக்கிற கருவி யார் செய்தது என்று கேளுங்கள். நான் சொல்ல வந்தது அன்னா மணியை. அவர் பெயர் அந்தச் சார்ட்டில் கண்டிப்பாக இருக்காது.

1918 ஆகஸ்ட் 23-இல், இப்போது கேரளத்தில் இருக்கிற பீர்மேட்டில் பிறந்தார். அப்போது பீர்மேடும் நாமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். வசதியான வீடு. எட்டாவது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரக் கம்மல் வாங்கிக் கொடுத்தபோது அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கித் தாருங்கள் என்று கேட்டார். உங்கள் மகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதே பெண் வளர்ந்து பெங்களூரில் ராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்து வைரத்தையே ஆராய்ந்தார், அது எப்படி ஒளிர்கிறது என்று. மங்கலான ஒளியைப் படத்தகட்டில் பதிவுசெய்யப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும், ராத்திரி ஆய்வகத்திலேயே தூங்கி எழுவார். ஐந்து கட்டுரைகள் தனியாக எழுதினார். 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால், எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று சொல்லிப் பட்டம் தரவில்லை. கடைசி வரை அவர் டாக்டர் ஆகவே இல்லை. எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது.

லண்டன் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்துவிட்டு 1948-இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அன்றைக்கு வெப்பமானி, காற்றழுத்தமானி என்று சாதாரணக் கருவிகள்கூட வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் போட்டு, ஒரே தரத்தில் இங்கேயே செய்ய ஏற்பாடு பண்ணினார். 1957, 58-இல் நாடு முழுக்க வெயிலை அளக்கும் நிலையங்கள் அமைத்தார். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வகமும் கருவிக் கோபுரமும் அமைத்ததும் அவர்தான். ஓய்வு பெற்றது 1976. ஓய்வு பெற்ற பிறகும் எழுநூறுக்கும் மேலான இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கிற பெரிய வேலையை நடத்தினார், இந்தியாவில் எங்கே காற்றாலை வைக்கலாம் என்பதற்கு அந்தக் கணக்குகள்தான் அடித்தளம்.

இதில் "கண்டுபிடிப்பு" எங்கே என்று யாராவது கேட்கலாம். தவறான அளவு இருப்பதைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய பிடிவாதம். இரண்டு ஊரில் இரண்டு கருவி இரண்டு மாதிரி காட்டினால் வானிலை அறிக்கையே கிடையாது. நம் கடற்கரையில் எத்தனை குடும்பம் அந்த அறிக்கையை நம்பிக் கடலுக்குப் போகிறது. 2017-இல் ஒக்கிப் புயல் வந்ததை யாரும் மறக்கவில்லை. எது முக்கியமான பங்களிப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

காத்தாடி_மேலே:

ஃபாரடேயை விட்டுக்கொடுக்க மனமில்லை, ஆனாலும் மார்த்தாண்டம் அக்கா சொல்வதற்கு என் தொழிலில் இருந்து ஒரு கணக்கு சேர்க்கிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். இரண்டை மூன்று முறை பெருக்குங்கள். அதனால் கருவி வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டிக் காட்டினால், கரண்டு முப்பத்துமூன்று சதவீதம் கூடுதலாக வரும் என்று தப்பாக நினைத்துக் கோடிக்கணக்கில் பணம் போட்டுவிடுவார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு காத்தாடித் தலையிலும் காற்றுமானி ஒன்று இருக்கிறது. அது சொன்னால்தான் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும், காற்று அளவுக்கு மீறினால் நிறுத்துவதும் அதன் பேச்சைக் கேட்டுத்தான். ஆனி ஆடியில் மேலே ஏறி அதைத் துடைத்துவிட்டு இறங்குவதற்குள் காது அடைத்துவிடும்.

தோவாளைப்பூ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பூ கட்டிக்கொண்டே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெட்ரோமாக்ஸ் மேண்டில் என் அம்மாவுக்கு ஞாபகம் வந்து அரை மணி நேரம் அதையே பேசினார்கள். பிள்ளை அன்னா மணியை எடுத்துவிட்டாள். வைரக் கம்மல் வேண்டாம் என்று சொன்ன இடம் வந்ததும் "அந்தப் புஸ்தகம் கிடைச்சுதா" என்று கேட்டாள். சக்தி எட்டு மடங்கு என்பதைச் சொல்லாமல் விடமாட்டாளாம். பட்டம் தரவில்லை என்பதைப் பேச்சில் சொல்லலாமா, வேண்டாமா என்று மட்டும் யோசிக்கிறாள்.

நேற்று நாலு பேப்பர் கப்பை இரண்டு குச்சியில் குறுக்காகக் கட்டி, நடுவில் பழைய பேனா ரீஃபிலை வைத்து, மாடியில் நிறுத்தியிருக்கிறாள். ஒரு கப்புக்கு மட்டும் சிவப்பு அடித்து, அது வருகிறபோதெல்லாம் எண்ணுகிறாள். சாயங்காலம் நிமிடத்துக்கு 46, இன்று காலையில் 19. காத்தாடித் தம்பி, இதைக் கிலோமீட்டராக எப்படி மாற்றுவது?

மார்த்தாண்டம்_மழைமானி:

பட்டம் தராததைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள் அக்கா. அவர் அதற்காக வேலையை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

காத்தாடி_மேலே:

கொள்ளாம்! அக்கா, வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால் போதும். விடியற்காலை வண்டி நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், அண்ணன் ஓட்டட்டும், பிள்ளை பின்னால் உட்கார்ந்து கருவியை அண்ணன் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கட்டும், அப்போதுதான் ஆள் மறைப்பு இல்லாமல் காற்று நேராகப் படும். எண்ணுவதற்குப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம், 20-இல் ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இந்த மாதத்தில் நம் பக்கம் காற்றே இல்லாத நேரம் கிடைக்காது, அதனால் ஒரு தடவை ஆரல்வாய்மொழிப் பக்கம் பார்த்து, ஒரு தடவை நாகர்கோவில் பக்கம் பார்த்து, அதே வேகத்தில் ஓட்டி, இரண்டு எண்ணிக்கையையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். அப்படி வருகிற எண்தான் அந்த வேகத்துக்கான சுற்று, மாடியில் எண்ணியதை அதோடு ஒப்பிட்டால் கிலோமீட்டர் தெரிந்துவிடும். கப்பை மட்டும் நடுவில் மாற்றிவிட வேண்டாம், மாற்றினால் முதலில் இருந்து மறுபடி அளக்க வேண்டும்.